காலி ரேக் படத்தை முதல் பக்கத்துல போடாதீங்க சார்

ஆசிரியர் சாருக்கு வணக்கம்.

புதுசா ஏதாவது நோய் பரவுதுன்னு நியூஸ் வந்தா போதும், மறுநாள் பேப்பர்ல ரெண்டு விஷயம் கண்டிப்பா இருக்கும். ஒன்னு, 'மக்கள் பீதி அடைய வேண்டாம், போதுமான ஸ்டாக் இருக்கு'ன்னு யாரோ ஒரு அதிகாரி சொன்னது. இன்னொன்னு, அதுக்குப் பக்கத்துலயே நாலு பத்தி அகலத்துக்கு பெருசா ஒரு காலி ரேக் படம். எழுதினத எத்தனை பேர் படிக்கிறாங்கன்னு தெரியல, படத்தைப் பாத்துட்டு பையைத் தூக்கிட்டு கிளம்பிடுறாங்க. நான் மெடிக்கல் ஷாப் கவுண்டர்ல நிக்கிற ஆளு, அந்தப் பையோட வர்றவங்க மொதல்ல வந்து நிக்கிறது எங்க முன்னாடிதான், அதனாலதான் இத எழுதுறேன்.

பதுக்கல்காரங்க, பேராசை புடிச்சவங்கன்னு எல்லாரும் திட்டுறாங்க. அப்படிப்பட்ட ஆளுங்க இல்லாம இல்ல, மாஸ்க்கை பெட்டி பெட்டியா வாங்கி நாலு மடங்கு விலைக்கு வித்தவங்கள நானே பாத்திருக்கேன், அவங்கள சட்டம் பாத்துக்கட்டும். ஆனா ரேக் காலியாகுறதுக்கு முக்கால்வாசி காரணம் அவங்க இல்ல சார். கொரோனா சமயத்துல கவுண்டர்ல திரும்பத் திரும்ப நடந்தது என்னன்னா, ஒருத்தர் வருவார், "அண்ணே, பாராசிட்டமால் ஒரு ஸ்ட்ரிப் குடுங்க"ம்பார், எடுக்கத் திரும்புறதுக்குள்ள பக்கத்துல நிக்கிறவர் பத்து ஸ்ட்ரிப் வாங்கி பையில போடுறத பாப்பார், உடனே குரல் மாறிடும், "எனக்கும் பத்தாவே குடுத்துருங்கண்ணே". அவருக்கு காய்ச்சலும் இல்ல, தலைவலியும் இல்ல, வீட்டுல யாருக்கும் ஒன்னும் இல்ல. பின்னாடி நிக்கிற அம்மா ஒன்னும் சொல்லாம போனை எடுத்து வீட்டுக்குக் கூப்பிட்டு "இன்னும் என்னென்ன வாங்கணும், சீக்கிரம் சொல்லு"ன்னு கேப்பாங்க. இதுல யாரு கெட்டவங்க? ஒருத்தரும் இல்ல. ஒவ்வொருத்தரும் அவங்கவங்க குடும்பத்துக்கு சரியாத்தான் யோசிக்கிறாங்க, மொத்தமா சேர்த்துப் பாத்தா கடை காலி.

கணக்கு ரொம்ப சிம்பிள். ஒரு கடையில ஒரு பொருள் ஒரு நாளைக்கு நூறு பாக்கெட் போகுது, ரேக்லயும் அன்னிக்கு நூறுதான் இருக்குன்னு வச்சுக்குங்க, வர்றவங்க ஆளுக்கு ஒன்னுதான் வாங்குறாங்க. ஒரு நாள் எல்லாரும் 'எதுக்கும் இருக்கட்டும்'னு இன்னொன்னு சேத்து எடுத்தா மத்தியானமே காலி. அதுக்கு மேல அடுத்த வாரம் வர வேண்டியவங்களும் இன்னிக்கே வந்துட்டா பத்து மணிக்கே காலி. யாரும் லாரி வச்சு அள்ளிட்டுப் போகல, ஆளுக்கு ஒரே ஒரு பாக்கெட்தான் கூட எடுத்தாங்க.

வெளியில இருக்கறவங்களுக்கு தெரியாத இன்னொரு விஷயம், இப்பல்லாம் கடைக்குப் பின்னாடி பெரிய குடோன்னு ஒன்னு இருக்கறதே இல்ல. நீங்க ரேக்ல பாக்குறதுதான் ஏறக்குறைய மொத்த ஸ்டாக். பழைய விற்பனையைப் பாத்து கம்ப்யூட்டர் ஆர்டர் போடும், லோடு இந்தக் கிழமை இந்த நேரம்னு கணக்கா வந்து இறங்கும். சாதாரண நாள்ல இது அருமையான ஏற்பாடு, இடமும் மிச்சம், எக்ஸ்பைரி ஆகி குப்பைக்குப் போறதும் கம்மி. ஆனா திடீர்னு ஒரே நாள்ல நாலு நாள் சரக்கு போச்சுன்னா அடுத்த லோடு வர்ற வரைக்கும் ரேக் காலியாத்தான் நிக்கும். ஊர்ல சரக்கு இல்லைன்னு அர்த்தம் இல்ல, லாரி இன்னும் வரலைன்னு அர்த்தம். அந்த இடைவெளியிலதான் உங்க போட்டோகிராபர் தம்பி வந்து படம் எடுக்கறார். பக்கத்து ரேக் நிறைஞ்சு கிடக்கும், அது படத்துல வராது.

இதோட முடியறதில்ல. கடைக்காரர் 'நாளைக்கும் கூட்டம் வரும்'னு ரெண்டு மடங்கு ஆர்டர் போடுவார், டிஸ்ட்ரிபியூட்டர் எல்லா கடையிலேருந்தும் ரெண்டு மடங்கு வருதேன்னு கம்பெனிக்கு நாலு மடங்கு போடுவார், கம்பெனிக்காரன் ஊரே தேடுதுன்னு மெஷினை ராத்திரி பகலா ஓட்டுவான். அந்த சரக்கு வந்து சேர்றப்ப எல்லார் வீட்டு அலமாரியும் நிறைஞ்சிருக்கும், வாங்க ஆள் இருக்காது. சானிடைசருக்கு அடிச்சுக்கிட்டாங்களே, கொஞ்ச மாசத்துலயே பல இடத்துல அது தேங்கிக் கிடந்துச்சு. அதைவிட மோசம், தட்டுப்பாடு நேரத்துல பேர் தெரியாத கம்பெனி சரக்கெல்லாம் உள்ள வந்துச்சு, 2020 ஜூன்ல அமெரிக்க மருந்துத்துறை சில சானிடைசர்ல மெத்தனால் இருக்குன்னு எச்சரிக்கையே விட வேண்டியதாச்சு. மெத்தனால் விஷம் சார். கிடைச்சா போதும்னு வாங்குறவன் லேபிளையா படிப்பான்?

இப்ப பேப்பர், டிவி சமாச்சாரத்துக்கு வர்றேன், நான் சொல்ல வந்ததே அதுதான்.

1973 டிசம்பர்ல அமெரிக்காவுல ஜானி கார்சன்னு ஒரு பிரபல டிவிக்காரர் ராத்திரி ஷோவுல டாய்லெட் பேப்பருக்கு தட்டுப்பாடு வரப்போகுதாம்னு ஒரு ஜோக் அடிச்சார். அப்ப பெட்ரோல் தட்டுப்பாடு ஓடிட்டிருந்த நேரம், ஏற்கனவே பயந்து கிடந்த ஜனம் மறுநாளே கடைக்கு ஓடி வாங்கிக் குவிச்சுட்டாங்க. நிஜமாவே தட்டுப்பாடு வந்துருச்சு. அவரே திரும்ப டிவியில வந்து அப்படி ஒன்னும் இல்லைன்னு விளக்கம் சொன்னார், ஆனா காலி ரேக்கை கண்ணால பாத்துட்டவங்ககிட்ட விளக்கம் எடுபடுமா?

2003ல சார்ஸ்ங்குற தொற்றுநோய் வந்தப்ப ஹாங்காங்ல நடந்தது உங்களுக்குத் தெரிஞ்சிருக்கும். ஏப்ரல் 1ஆம் தேதி ஒரு பதினாலு வயசுப் பையன் அங்க பிரபலமா இருக்கற மிங் பாவ் பேப்பரோட வெப்சைட் மாதிரியே ஒரு பக்கத்தை செஞ்சு, நகரத்தை தொற்றுப் பகுதின்னு அறிவிச்சுட்டாங்கன்னு போட்டுட்டான். ஜனங்க கடைக்கு ஓடினாங்க, அரசாங்கம் செல்போனுக்கு மெசேஜ் அனுப்பி மறுக்க வேண்டியதாச்சு. அந்தப் பையன் சொன்னதுக்காக யாரும் ஓடல, பேப்பர்ல வந்திருக்குன்னு நம்பித்தான் ஓடினாங்க. உங்க பேருக்கு அவ்வளவு மதிப்பு இருக்கு சார், அதனாலதான் உங்களுக்கு எழுதுறேன், இல்லைன்னா வாட்ஸ்அப் க்ரூப்ல புலம்பிட்டு விட்டிருப்பேன்.

2020 மார்ச்ல ஆஸ்திரேலியாவுல டாய்லெட் பேப்பருக்கு சண்டை நடந்து, அந்த வீடியோ உலகம் பூரா சுத்தி எல்லாரும் சிரிச்சாங்க. அங்க விக்கிற டாய்லெட் பேப்பர்ல பெரும்பகுதி அந்த நாட்டுலயே தயாராகுற சரக்கு, கப்பல் வரணும்னு அவசியமே இல்ல. அங்க என்டி நியூஸ்னு ஒரு பேப்பர் எட்டு பக்கத்தை ஒன்னுமே அச்சடிக்காம வெள்ளையா விட்டு, அவசரத்துக்கு கிழிச்சுக்குங்கன்னு சேத்துக் குடுத்தாங்க. கிண்டல்தான், ஆனா நல்ல கிண்டல். சிரிச்சதோட நம்ம ஆளுங்க நிறைய பேர் ஒரு விஷயத்தை விட்டுட்டாங்க. ஆபீஸ், ஸ்கூல், ஓட்டல் எல்லாம் மூடி எல்லாரும் இருபத்திநாலு மணி நேரமும் வீட்டுலயே இருந்தா வீட்டுத் தேவை நிஜமாவே கூடும். ஜார்ஜியா பசிபிக்னு ஒரு பெரிய கம்பெனி வீட்டு உபயோகம் 40 சதவீதம் வரைக்கும் கூடும்னு கணக்கு சொன்னாங்க. ஆபீஸுக்குப் போற பெரிய ரோல் வேற மெஷின், வேற பேக்கிங், வேற லாரி, அதை அப்படியே வீட்டுக்குத் திருப்பி விட முடியாது. அதனால கூட வாங்குன எல்லாரையும் முட்டாள்னு எழுதுறதும் தப்பு. ரெண்டு வாரம் வீட்டை விட்டு வெளிய வராதேன்னு சொன்னா ரெண்டு வாரத்துக்கு வாங்கித்தானே ஆகணும். ரெண்டு வாரத்துக்கு வாங்கறது ஏற்பாடு, ரெண்டு வருஷத்துக்கு வாங்கறதுதான் பிரச்சனை.

யாருக்கு அடி விழுதுன்னு பாத்தா ஒரே ஆளுங்கதான் எப்பவும். தினக்கூலி வாங்குறவர் சாயங்காலம் காசு கைக்கு வந்தப்புறம்தான் கடைக்கு வர முடியும், அப்ப ரேக்ல அட்டைதான் இருக்கும். நைட் ட்யூட்டி முடிச்சு வர்ற நர்ஸ், கம்பு ஊனிட்டு வர்ற பெரியவங்க, கைக்குழந்தைக்கு ஒரே பிராண்ட் பால் பவுடர்தான் ஒத்துக்கும்னு தேடி வர்ற அம்மா. அமெரிக்காவுல ஏழைத் தாய்மாருக்கு டபிள்யூஐசின்னு ஒரு அரசு உதவித் திட்டம் இருக்கு, அதுல குறிப்பிட்ட சைஸ், குறிப்பிட்ட வகைதான் வாங்க முடியும், அது தீர்ந்துட்டா பக்கத்துல இருக்கறத எடுத்துக்க முடியாது. வசதி இருக்கறவங்க விவரம் தெரியாம அதையே அள்ளிட்டுப் போக, இவங்க வெறுங்கையோட திரும்புனாங்க.

மருந்துன்னா இன்னும் கொடுமை. ஹைட்ராக்ஸிகுளோரோகுயின் ஞாபகம் இருக்கா? கொரோனாவுக்கு கேக்கும்னு 2020 மார்ச்ல பேச்சு கிளம்புச்சு, அன்னிக்கு அதுக்கு உருப்படியான ஆதாரம் கிடையாது, அப்புறம் பெரிய ஆய்வுகள்ல பலன் இல்லைன்னே முடிவாச்சு. ஆனா லூபஸ் (உடம்போட எதிர்ப்பு சக்தியே உடம்பைத் தாக்குற நோய்), முடக்குவாதம் இருக்கறவங்க வருஷக்கணக்கா தினம் சாப்பிடுற மாத்திரை அது. அந்த மாசக் கடைசியிலயே அமெரிக்காவுல அதை தட்டுப்பாட்டு லிஸ்ட்ல சேத்துட்டாங்க. 'எதுக்கும் இருக்கட்டும்'னு ஒருத்தர் ட்ராயர்ல போட்டு வச்ச மாத்திரை இன்னொருத்தரோட அந்த மாச டோஸ். மாஸ்க்கும் அப்படித்தான், 2020 மார்ச் 3ஆம் தேதி உலக சுகாதார நிறுவனம் சொன்ன கணக்குப்படி நோயாளிகளைப் பாக்குறவங்களுக்கு மட்டும் மாசம் 8.9 கோடி மெடிக்கல் மாஸ்க் வேணும், அதுக்குள்ளயே சர்ஜிக்கல் மாஸ்க் விலை ஆறு மடங்கு ஆயிருச்சுன்னும் சொன்னாங்க.

அப்ப என்னதான் வேலை செஞ்சுது? ஆளுக்கு இவ்வளவுதான்னு வரம்பு. உபதேசம் வேலை செய்யல, வரம்பு செஞ்சுது. சிங்கப்பூர்ல 2020 பிப்ரவரி 7 அன்னிக்கு கொரோனாவுக்காக ஆரஞ்சு அலர்ட்டுன்னு அறிவிச்ச அன்னிக்கே கடைகள்ல வரிசை நின்னுச்சு, மறுநாள் பிரதமர் பேசினார், பெரிய கடைகள் ஆளுக்கு இத்தனைன்னு வரம்பு வச்சாங்க, குடோன்லேருந்து சரக்கு வந்து இறங்குச்சு, சில நாள்ல ரேக் நிறைஞ்சுது. ஆஸ்திரேலியாவுல மார்ச் 19ல பாராசிட்டமால், ஆஸ்துமா இன்ஹேலர் ரெண்டுக்கும் அரசாங்கமே கட்டுப்பாடு கொண்டு வந்துச்சு. ஒரு பெரிய கடைக்காரங்க வயசானவங்களுக்குன்னு காலையில 7லேருந்து 8 வரைக்கும் தனி நேரம் ஒதுக்குனாங்க. வரம்பு வந்தா கவுண்டர்ல நிக்கிற எங்களுக்கும் நிம்மதி, 'உனக்கு மட்டும் ஏன் தரல'ங்குற சண்டை கிடையாது, போர்டைக் காட்டினா போதும். ஆனா முதல் நாளே வைக்கணும். கூட்டம் அள்ளிட்டுப் போன மூணாவது நாள் வச்சா மிச்சம் இருக்கறவங்களுக்குத்தான் ரேஷன், மொதல்ல வந்தவங்களுக்கு பரிசு.

உங்ககிட்ட நான் கேக்கறது இவ்வளவுதான் சார். அடுத்த தடவை இப்படி ஒரு நிலைமை வந்தா காலி ரேக் படத்தை முதல் பக்கத்துல போடாதீங்க. செய்தியை மறைக்கச் சொல்லல, நிஜமாவே தட்டுப்பாடுன்னா தாராளமா எழுதுங்க, என்ன பொருள், எதனால, எப்ப சரியாகும்னு சேத்து எழுதுங்க. 'பீதி வேண்டாம்'னு தலைப்பு போடுறதும் வேணாம், அதைப் படிச்சதும்தான் பலபேருக்கு பீதியே வருது. அதுக்குப் பதிலா எந்தப் பொருளுக்கு என்ன வரம்பு, லோடு எந்தெந்தக் கிழமை வருது, பெரியவங்களுக்கு தனி நேரம் எது, ஒரு மருந்து இல்லைன்னா டாக்டர்கிட்ட கேட்டு அதே மருந்து வேற கம்பெனிதுல மாத்திக்கலாமா, இதெல்லாம் ஒரு பெட்டிச் செய்தியா தினமும் ஒரே இடத்துல போடுங்க, நாங்க கத்தரிச்சு கவுண்டர் கண்ணாடியில ஒட்டிக்கறோம். படம் போட்டே ஆகணும்னா லாரியிலேருந்து பெட்டி இறங்குறத எடுங்க, காலையில ஆறு மணிக்கு வரணும், அந்த நேரத்துக்கு உங்க போட்டோகிராபர் எழுந்திரிப்பாரான்னுதான் தெரியல.

இப்படிக்கு,
மருந்துக்கடை ஊழியர் ஒருவர்