கிளிநொச்சி ஊரான கதையையும் எழுதி வையுங்கள்: கரைச்சி பிரதேச சபை உறுப்பினர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய உறுப்பினர்களுக்கு வணக்கம்.

போர் முடிந்த பிறகு ஏ-9 வீதியால் வந்த பலர், போரில் தகர்ந்து சாய்ந்து கிடந்த தண்ணீர்த் தாங்கிக்கு முன்னால் நின்று படம் எடுத்துக்கொண்டு போனார்கள். கிளிநொச்சி என்றால் அவர்களுக்கு அதுதான். எங்கள் பிள்ளைகளுக்கும் அப்படி ஆகிவிடுமோ என்று பயமாக இருக்கிறது.

இங்கே முதலில் வந்தது குளம். கனகராயன் ஆற்றை மறித்து இரணைமடுக் குளம் கட்டும் வேலை 1902இல் தொடங்கியது. 1936இல் குடியேற்றத் திட்டம். யாழ்ப்பாணக் குடாநாட்டில் காணியும் வேலையும் போதாமல் இருந்த குடும்பங்கள் இங்கு வந்து காடு வெட்டின. எங்கள் அப்புவும் (தாத்தா) அப்படி வந்தவர்தான். பகலில் காடு வெட்டு, இரவில் யானைக் காவல், இடையில் மலேரியாக் காய்ச்சல் என்று அம்மா சொல்லுவார். கரடிப்போக்குச் சந்தியின் பெயரைக் கேட்டாலே இங்கே முன்பு எவை நடமாடின என்று விளங்கும். உருத்திரபுரத்தில் இன்றும் வழி கேட்டால் எட்டாம் வாய்க்கால், பத்தாம் வாய்க்கால் என்றுதான் சொல்லுகிறார்கள். தண்ணீர் போன வழியேதான் ஊரும் போயிருக்கிறது.

வந்தவர்கள் குடாநாட்டார் மட்டும் அல்ல. 1977, 1983இல் தமிழருக்கு எதிராக நடந்த வன்செயல்களுக்குப் பிறகு மலையகத்திலிருந்து வந்தவர்கள் உறுதிப் பத்திரம் இல்லாத காணியில் கொட்டில் போட்டுக்கொண்டு, மற்றவர்களின் வயல்களில் கூலிக்கு நின்றார்கள். எங்கள் வயலில் களை பிடுங்கியவர்களின் பெயர் எங்கள் வீட்டில் ஒருவருக்கும் நினைவில்லை. இதை எழுதவே வெட்கமாக இருக்கிறது. தயவுசெய்து அவர்களை ஒரு வரியில் முடித்துவிடாதீர்கள்.

1984இல் யாழ்ப்பாணத்திலிருந்து பிரிந்து தனி மாவட்டமானோம். அப்புறம் நடந்தது எல்லாருக்கும் தெரியும். 1996இலும் 2008இலும் போரில் ஊரை விட்டு ஓடியபோது காணிப் பெர்மிட், கல்யாணப் படம், குளத்துக் கூட்டக் குறிப்பு எல்லாம் போய்விட்டன. மிச்சம் இருப்பது முதியவர்களின் வாயில்தான்.

நான் கேட்பது பெரிய செலவு இல்லை. நூலகத்தில் ஓர் அறை, குரல் பதிவு செய்ய இரண்டு பிள்ளைகள், தப்பி வந்த பெர்மிட்டுகளையும் படங்களையும் பிரதி எடுக்க ஓர் இயந்திரம். சந்திகளிலும் வாய்க்கால் கரைகளிலும், அந்தப் பெயர் எப்படி வந்தது என்று நாலு வரிப் பலகை. போரையும் எழுதுங்கள், ஆனால் அதிலிருந்து தொடங்காதீர்கள்.

அம்மாவுக்கு 81 வயது. இந்தப் போக அறுவடைக்கு முன் கூப்பிட்டால் நானே கூட்டிக்கொண்டு வருவேன்.

இப்படிக்கு,
உருத்திரபுரத்துக் கமக்காரர் ஒருவரின் பேரன்