திருப்பூரில் எத்தனை பேர்?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

திருப்பூரின் மக்கள்தொகை என்று இன்றும் எல்லோரும் சொல்வது 2011 கணக்கைத்தான், சுற்றுப்பகுதிகளையும் சேர்த்துச் சுமார் 9.6 லட்சம். 2021இல் எடுக்க வேண்டிய கணக்கு கொரோனாவால் தள்ளிப்போய், இப்போது 2027 என்கிறார்கள். அதற்குள் ஊர் எங்கேயோ போய்விட்டது.

எங்கள் காம்பவுண்டில் எட்டு லைன் வீடுகள். ஆறில் பீகார், ஒடிசா பையன்கள். ஒரு ரூமில் பகல் ஷிஃப்ட் முடித்து நாலு பேர் வரும்போது நைட் ஷிஃப்டுக்கு நாலு பேர் கிளம்புவார்கள், பாய் மட்டும் சுருட்டப்படுவதே இல்லை. எட்டு வீட்டுக்கும் ஒரே குழாய், அதிலும் உப்புத் தண்ணீர். நல்ல தண்ணீர் வரும் நாளில் குடங்களின் வரிசை கேட் வரைக்கும் நிற்கும்.

நாட்டின் பின்னலாடை ஏற்றுமதியில் பாதிக்கு மேல் இங்கிருந்துதான் போகிறது. ஓவர்லாக் மிஷினில் உட்காருவதிலிருந்து செக்கிங், அயர்னிங் வரை இந்தப் பையன்கள் இல்லாமல் ஓடாது. 2025 ஆகஸ்டில் அமெரிக்கா 50 சதவீத வரி போட்டபோது ஆர்டர் குறையுமோ என்று முதலாளிகள் கவலைப்பட்டது பேப்பரில் வந்தது, சரி. பீஸ் ரேட்டுக்குத் தைப்பவனுக்கு ஆர்டர் இல்லாத வாரம் சம்பளமும் இல்லை, அதை யார் எழுதினார்கள்?

கணக்கெடுக்க வருகிறவர்கள் பகல் 11 மணிக்கு வந்து கதவைத் தட்டினால் பாதி வீடு பூட்டியிருக்கும், மீதி வீட்டில் தூங்கிக்கொண்டிருப்பார்கள். தயவுசெய்து ஞாயிற்றுக்கிழமை வரச் சொல்லுங்கள். அப்புறம், இந்தி தெரிந்த ஒருவரையும் கூட்டி வரட்டும்.

இப்படிக்கு,
ஒரு பனியன் கம்பெனி தொழிலாளி,
திருப்பூர்