கேமரா போதாது, பதிவு மிஞ்ச வேண்டும்

ஆசிரியருக்கு,

காவல் நிலையங்களில் சிசிடிவி கேமராக்கள் பழுதாகிக் கிடப்பது பற்றிய தங்கள் தலையங்கம் படித்தேன். பழுதைவிடக் கொடியது அழிப்பு. ஜெயராஜ், அவர் மகன் பென்னிக்ஸ் ஆகியோரின் காவல் மரணம் பற்றி 2020 ஜூனில் சாத்தான்குளம் காவல் நிலையத்துக்கு விசாரணைக்குச் சென்ற நீதித்துறை நடுவர் கண்டது இதைத்தான்: ஒரு டெராபைட் ஹார்டு டிஸ்க்கில் இடம் இருந்தும், பதிவுகள் அன்றன்றே தானாக அழியும்படி அமைத்திருந்தார்கள். தந்தையும் மகனும் அடிபட்ட இரவின் காட்சி கிடைக்கவே இல்லை. அதே ஆண்டு டிசம்பரில், ஒலியுடன் கூடிய பதிவை 18 மாதம், இயலாவிட்டால் குறைந்தது ஓராண்டு காக்க வேண்டும் என்றது உச்ச நீதிமன்றம். ஆனால் கருவி இருப்பது, கண்காணிக்கப்பட வேண்டியவர்களின் கையில்தானே!

ஐ.நா. சித்திரவதை எதிர்ப்பு உடன்படிக்கை, மனத்துக்கு இழைக்கும் கடும் வேதனையையும் சித்திரவதை என்றே வரையறுக்கிறது. 1997-ல் அதில் கையெழுத்திட்ட இந்தியா இன்னும் ஏற்புறுதி அளிக்கவில்லை; அதாவது, அதற்குத் தன்னைச் சட்டப்படி கட்டுப்படுத்திக்கொள்ளவில்லை. அதன் விருப்ப நெறிமுறையை (விரும்பும் நாடுகள் ஏற்கும் துணை ஒப்பந்தத்தை) ஏற்ற நாடுகளில் சுயாதீனக் குழுவினர் முன்னறிவிப்பின்றிக் காவல் இடங்களுக்குள் சென்று கைதியிடம் தனியே பேசலாம். இந்தியாவும் அதை ஏற்கும்வரை, இந்தக் கேமராக்களைக் கண்காணிக்க வேண்டிய மாவட்ட மேற்பார்வைக் குழு சொல்லாமல் கொள்ளாமல் சென்று, ரெக்கார்டரில் உள்ள மிகப் பழைய பதிவின் தேதியையும் கடிகார நேரத்தையும் சரிபார்த்து, ஒரு பிரதியைத் தன்னுடன் எடுத்துச் செல்லட்டும்.