பாரத் இன்ஷூரன்ஸ் கட்டடம்: ஆவண நூலுக்கு நன்கொடை வேண்டுகோள்

பேரன்புடையீர், வணக்கம்.

சென்னை அண்ணா சாலையும் ஜெனரல் பேட்டர்ஸ் சாலையும் கூடும் முனையில் நிற்கும் பாரத் இன்ஷூரன்ஸ் கட்டடத்தின் வரலாற்றை, அளவு வரைபடங்களோடும் நிழற்படங்களோடும் தமிழில் நூலாக்கும் பணியை நம் குழு மேற்கொண்டிருப்பதைத் தாங்கள் அறிவீர்கள். சென்னை நாளான ஆகஸ்ட் 22 அன்று நூலை வெளியிட வேண்டுமானால், ஜூலை 15-க்குள் அச்சகத்துக்குப் பணம் கட்டியாக வேண்டும்.

டபிள்யூ. ஈ. ஸ்மித் நிறுவனம் தன் மருந்து வணிகத்துக்காக 1897-இல் எழுப்பிய இக்கட்டடத்துக்கு அன்று ‘கார்டைல்’ என்று பெயர். மருந்து விற்கும் இடத்துக்கு அரண்மனைக்குரிய ஸ்தூபிகளும் வளைவுகளும் செங்கல் வேலைப்பாடும் அமைத்துக் கொடுத்த ஜே. எச். ஸ்டீபன்ஸ், அதற்குச் சில ஆண்டுகள் முன்புதான் உயர் நீதிமன்றக் கட்டுமானத்தில் ஹென்றி இர்வினுக்குத் துணைநின்றவர். பாரத் காப்பீட்டு நிறுவனம் 1934-இல் இதை வாங்கியது. 1956-இல் ஆயுள் காப்பீடு நாட்டுடைமையானதும் ஆயுள் காப்பீட்டுக் கழகத்தின் சொத்தாயிற்று. 2006-இல் இடிப்பு வேலை தொடங்கியபோது பாரம்பரிய ஆர்வலர்கள் வழக்குத் தொடுக்க, 2010-இல் இதைக் காத்துத் தீர்ப்பளித்தது அதே உயர் நீதிமன்றம். தெய்வச் செயல் என்றே எங்கள் மூத்த உறுப்பினர்கள் இன்றும் சொல்வார்கள்.

பழுதுபார்க்கும் உரிமை நம்மிடம் இல்லை. ஆனால் சுவரில் மரம் வேரோடிச் செங்கல் பெயர்ந்துகொண்டிருக்கும்போது, எந்த வளைவு எப்படி இருந்தது என்று பதிந்து வைப்பதை யாரும் தடுக்கவில்லை.

மொத்தச் செலவு ரூ. 4,80,000. வந்தது ரூ. 3,05,000. குறைவது ரூ. 1,75,000.

முதல் கட்டத்தில் கொடுத்த அன்பர்களை நன்றியோடு வணங்குகிறோம். ஓய்வூதியத்திலிருந்து மாதந்தோறும் ஐந்நூறு ரூபாய் அனுப்பும் பெரியவர்களும், ஊதியம் பெறாமல் வெயிலில் நின்று முகப்பை வரைந்த கட்டடக்கலை மாணவர்களும், தம் வீட்டுப் பழைய படங்களைத் தேடியெடுத்துத் தந்த குடும்பத்தாரும் இல்லையென்றால் இந்நூலின் முதல் பக்கமே உருவாகியிருக்காது.

வாக்களித்துவிட்டு இன்னும் அனுப்பாதவர்கள் பெயரைக் குறிப்பிட எங்களுக்கு மனமில்லை. சென்னையின் பழைய சந்தைக் கட்டடமான மூர் மார்க்கெட் 1985-இல் எரிந்தபோது வருந்தாதவர் நம்மில் யாருமில்லை. அதன் ஒரு மூலையையாவது முன்பே அளந்து வைத்தவர் யார் என்று அவரவரே கேட்டுக்கொள்ளலாம்.

இயன்ற தொகையை ஜூலை 10-க்குள் பொருளாளரிடம் சேர்த்து, ரசீது பெற்றுக்கொள்ளுமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம்.

இங்ஙனம்,
நூலாக்கக் குழுவினர்