செயின்ட் லூயிஸின் தேக்கத்துக்கு 1876இல் போட்ட எல்லைக்கோடே முதல் காரணம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். அமெரிக்காவின் நடுப்பகுதி நகரங்களைப் பற்றித் தங்கள் இதழில் வெளிவந்த கட்டுரையைப் படித்தேன். வளர்ந்திருக்க வேண்டிய அளவுக்கு வளராமல் நின்றுவிட்ட நகரங்களில் ஒன்றாக செயின்ட் லூயிஸைக் குறிப்பிட்டது சரியே. ஆனால், தொழிற்சாலைகள் மூடப்பட்டதையும் மக்கள் வெளியேறியதையும் மட்டும் காரணமாகச் சொல்லிக் கட்டுரை முடிந்துவிட்டது. இந்நகரில் பல ஆண்டுகளாக வசிப்பவன் என்ற முறையில், அதில் விடுபட்டுப்போன முக்கியமான காரணத்தை எடுத்துச் சொல்ல விரும்புகிறேன்.

மிசோரி ஆறு மிசிசிப்பியில் கலக்கும் இடத்துக்குச் சற்றுத் தெற்கே அமைந்த இந்த ஊர், 1900ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் அமெரிக்காவின் நான்காவது பெரிய நகரம். 1904இல் உலகப் பொருட்காட்சியும் ஒலிம்பிக் போட்டிகளும் இங்கேதான் நடந்தன. 1950இல் 8,56,796 பேர் வாழ்ந்த நகரத்தில் 2020இல் எஞ்சியிருந்தவர்கள் 3,01,578 பேர் மட்டுமே. அதே வேளையில், நகரமும் சுற்றுப்புறங்களும் சேர்ந்த பெருநகர வட்டாரத்தில் இன்றும் சுமார் 28 லட்சம் பேர் வாழ்கிறார்கள். வெளியேறியவர்களில் ஏராளமானோர் வேறு மாநிலங்களுக்குப் போகவில்லை. நகர எல்லையைத் தாண்டி மேற்கே சில மைல் தொலைவில் குடியேறினார்கள். அவர்களோடு அவர்கள் கட்டிய வரியும் போய்விட்டது.

அந்த எல்லை 1876இல் போடப்பட்டது. அப்போது மக்களும் செல்வமும் நகரத்தில் குவிந்திருக்க, சுற்றியிருந்த செயின்ட் லூயிஸ் கவுன்டி (நம்மூர் மாவட்டம் போன்ற நிர்வாகப் பகுதி) பெரும்பாலும் விவசாய நிலமாக இருந்தது. கிராமப்புறச் செலவுக்குத் தாங்கள் ஏன் வரி கட்ட வேண்டும் என்று நகரவாசிகள் கேட்டதன் விளைவாக, நகரம் கவுன்டியிலிருந்து பிரிந்தது. வாக்கெடுப்பில் முதலில் தோற்றதாக அறிவிக்கப்பட்ட அந்தத் திட்டம், நீதிமன்றம் தலையிட்டு வாக்குகளை மறுபடி எண்ணியபோது வென்றது. எதிர்காலத்துக்கும் போதும் என்று கருதி நகரத்தின் பரப்பை மூன்று மடங்குக்கு மேல் விரிவாக்கி, சுமார் 61 சதுர மைல் என்று நிர்ணயித்தார்கள். மோட்டார் வாகனமே இல்லாத காலத்தில் அந்தக் கணக்கைப் போட்டவர்களை நான் குறை சொல்லவில்லை. ஆனால் அதற்குப் பின் அந்த எல்லை ஓர் அங்குலம்கூட நகரவில்லை. நகரையும் கவுன்டியையும் இணைக்க 1926, 1959, 1962 ஆகிய ஆண்டுகளில் முன்வைக்கப்பட்ட திட்டங்கள் வாக்கெடுப்பில் தோற்றன. நாஷ்வில் 1963இலும் இண்டியானாபொலிஸ் 1970இலும் தத்தம் கவுன்டிகளோடு இணைந்துவிட்டன என்பதை இங்கே நினைத்துப் பார்க்க வேண்டும்.

இன்று செயின்ட் லூயிஸ் கவுன்டிக்குள் மட்டும் 90க்குச் சற்றுக் குறைவான நகராட்சிகள் இருக்கின்றன. விற்பனை வரிக்காக ஒரு நகராட்சி சலுகை கொடுத்துப் பக்கத்து ஊர்க் கடையைத் தன் எல்லைக்குள் இழுக்கிறது. வட்டாரம் முழுவதற்கும் சேர்த்துப் பார்த்தால் ஒரு வேலைகூடப் புதிதாக உருவாவதில்லை. நகர மையத்தில் 44 மாடி அலுவலகக் கட்டடம் ஒன்று 2017 முதல் காலியாகக் கிடக்கிறது. 2006இல் 20 கோடி டாலருக்கு மேல் விலைபோன அது, 2024இல் 40 லட்சம் டாலருக்கும் குறைவாகவே விற்கப்பட்டது. அங்கிருந்து சில மைல் மேற்கே, கவுன்டியின் தலைநகரான கிளேட்டனில் புதிய அலுவலகக் கோபுரங்கள் எழுகின்றன.

இந்தத் துண்டாடலின் சுமை அதிகமாக விழுவது ஏழைகள் மீதுதான். கவுன்டியின் வடக்கே நேச்சுரல் பிரிட்ஜ் சாலையில் கார் ஓட்டிச் சென்றால், சில மைல்களுக்குள் பல நகராட்சிகளைக் கடந்துவிடலாம். வரி வருவாய் போதாத சிறிய ஊர்கள் அபராதத்தை நம்பியே நிர்வாகத்தை நடத்தின. பின்விளக்கு எரியாததற்காக விதித்த அபராதத்தைக் கட்ட முடியாதவருக்குப் பிடியாணை பிறக்கும். அடுத்த ஊரில் வேறொரு வழக்கு காத்திருக்கும். 2014இல் அப்பகுதி ஊர்களில் ஒன்றான ஃபெர்குசனில் மைக்கேல் பிரவுன் என்ற கறுப்பின இளைஞர் காவலர் ஒருவரால் சுட்டுக் கொல்லப்பட்ட பின்னரே இது நாட்டின் கண்ணில் பட்டது. அந்த ஊரின் காவல்துறையும் நீதிமன்றமும் பொதுமக்களின் பாதுகாப்பைவிட வருவாயையே பெரிதாகக் கருதின என்று மத்திய நீதித்துறை 2015 மார்ச்சில் வெளியிட்ட அறிக்கை கூறியது.

எல்லையைத் தாண்டி ஒன்றுசேர்வது இங்கே நடக்காத காரியம் என்று யாராவது சொன்னால் நான் ஏற்கமாட்டேன். நகரமும் கவுன்டியும் 1954 முதல் கழிவுநீர் அகற்றும் பணிக்கு ஒரே அமைப்பை வைத்திருக்கின்றன. 1971இல் இரு பகுதி வாக்காளர்களும் ஒப்புதல் தந்த சொத்து வரியால்தான் ஃபாரஸ்ட் பூங்காவின் விலங்குக் காட்சிசாலைக்கும் கலை அருங்காட்சியகத்துக்கும் இன்றுவரை நுழைவுக் கட்டணம் இல்லை. ‘கலைக்கு அர்ப்பணம், அனைவருக்கும் இலவசம்’ என்ற வாசகம் அந்த அருங்காட்சியகத்தின் முகப்புக் கல்லிலேயே செதுக்கப்பட்டிருக்கிறது. விடுமுறை நாளில் அங்கே போய்ப் பாருங்கள்: நகரத்தின் வடக்குத் தெருக்களில் வசிக்கும் குடும்பங்களும் மேற்குப் புறநகரின் வசதியான குடும்பங்களும் யானைகளின் முன்னால் தோளோடு தோள் நின்று குழந்தைகளைத் தூக்கிக் காட்டிக்கொண்டிருப்பார்கள். நிர்வாகம் ஒன்றானால் என்ன கிடைக்கும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

இணைப்பை எதிர்ப்பவர்கள் பக்கத்திலும் நியாயம் உண்டு. கறுப்பின மக்கள் நீண்ட காலம் போராடிப் பெற்ற அரசியல் செல்வாக்கு, பெரியதொரு நிர்வாகத்துக்குள் கரைந்துவிடும் என்ற அச்சம் பொய்யானது அல்ல. 2019இல் வந்த இணைப்புத் திட்டம், முடிவை உள்ளூர் வாக்காளர்களிடம் விடாமல் மாநிலம் முழுவதும் வாக்கெடுப்பு நடத்த முனைந்தது. அதனாலேயே பலரின் நம்பிக்கையை இழந்தது. திட்டத்தை ஆதரித்த கவுன்டி நிர்வாகத் தலைவர் ஊழல் வழக்கில் சிக்கிப் பதவி விலகியதும் அது கைவிடப்பட்டது. ஆகவே முழு இணைப்பை ஒரே நாளில் திணிப்பதைவிட, நகரம் மற்றுமொரு நகராட்சியாகக் கவுன்டிக்குள் திரும்புவதும், நகராட்சி நீதிமன்றங்களையும் தொழில் ஈர்ப்புப் பணியையும் முதலில் ஒன்றாக்குவதும், அதைத் தீர்மானிக்கும் உரிமையை இங்கே வாழ்பவர்களிடமே விடுவதும் நடைமுறைக்கு ஏற்றவை என்பது என் கருத்து.

இறுதியாக ஒரு வேண்டுகோள். அமெரிக்காவின் அபாயகரமான நகரங்களின் பட்டியலில் செயின்ட் லூயிஸ் அடிக்கடி முன்வரிசையில் இடம்பெறுகிறது. மற்ற பல நகரங்களின் கணக்கில் அமைதியான புறநகர்ப் பகுதிகளும் சேர்ந்துவிட, இங்கேயோ கொலைகளின் எண்ணிக்கையை அந்தப் பழைய 61 சதுர மைலுக்குள் வாழ்பவர்களின் தொகையால் வகுக்கிறார்கள். ஒவ்வோர் உயிரிழப்பும் உண்மையானது. அதைக் குறைத்துச் சொல்வது என் நோக்கமன்று. தங்கள் இதழ் அடுத்த முறை அத்தகைய பட்டியலை வெளியிடும்போது, நகரத்தின் எண்ணுக்குப் பக்கத்திலேயே பெருநகர வட்டாரத்தின் எண்ணையும் தருமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்,
செயின்ட் லூயிஸ், மிசோரி.