கன்சாஸை ஒரே மூச்சில் தாண்டாதே, கண்ணா

அன்புள்ள கண்ணா,

கன்சாஸ் சிட்டியில் விடிகாலை கிளம்பி, நடுவில் பெட்ரோல் போட மட்டும் நின்று, சாயந்திரத்துக்குள் டென்வர் போய்விடுவேன் என்று நேற்று போனில் சொன்னாய். அறுநூறு மைல், தனியாக, கார் நிறையச் சாமான். அந்த ரோட்டில் பார்க்க ஒன்றுமே இல்லை என்று ஃபிரெண்ட்ஸ் சொன்னதாகவும் சொன்னாய். போனில் அம்மா பக்கத்தில் இருந்ததால் நான் அதிகம் பேசவில்லை, ஆனால் ராத்திரி முழுக்க இதே யோசனைதான், அதனால் உட்கார்ந்து எழுதுகிறேன்.

இரண்டு நாளாகப் போ. முதல் நாள் ஹேஸ் ஊரில் தங்கு, கிட்டத்தட்ட பாதி வழி. வழியில் ஜியோகேஷ் தேடிக்கொண்டு போ, ஜி.பி.எஸ் எண்களை வைத்து யாரோ ஒளித்து வைத்த டப்பாவைக் கண்டுபிடித்து, உள்ளே இருக்கும் நோட்டில் பேர் எழுதுகிற அதே விளையாட்டுதான். சின்ன வயதில் பின் சீட்டில் உட்கார்ந்து "இன்னும் எத்தனை அடி இருக்குப்பா" என்று கேட்டுக்கொண்டே வந்தவள் நீ, உனக்கு இது புதுசு இல்லை. கல்லூரிக்குப் போன பிறகு விட்டுவிட்டாய், அவ்வளவுதான். நீ போகப்போகிற ஐ-70 ஹைவே மாதிரி நேர்க்கோடாக ஓடும் ரோட்டில் தூக்கம்தான் பெரிய ஆபத்து. ஒன்றரை மணி நேரத்துக்கு ஒரு தடவை இறங்கிக் குனிந்து நிமிர்ந்து தேடினால் கண் தானாகத் திறந்துகொள்ளும்.

எங்கே நிற்காவிட்டாலும் மிங்கோ என்ற ஜியோகேஷில் நின்றே ஆக வேண்டும். ஓக்லிக்கும் கோல்பிக்கும் நடுவில், எக்ஸிட் எடுத்த உடனே வந்துவிடும். அதன் கதையைக் கேள். 2000-ஆம் வருஷம் மே 2 வரைக்கும் அமெரிக்க ராணுவம் பொதுமக்களுக்குப் போகும் ஜி.பி.எஸ் சிக்னலில் வேண்டுமென்றே பிழையைக் கலந்து அனுப்பிக்கொண்டிருந்தது, நூறு மீட்டர் வரை தள்ளிக் காட்டும். அன்றைக்கு கிளின்டன் அரசு அதை நிறுத்தியது. மறுநாளே ஓரிகானில் பீவர்க்ரீக் பக்கம் டேவ் அல்மர் என்பவர் ஒரு கறுப்பு வாளியில் நோட்டு, பென்சில், ஒரு பீன்ஸ் டின் எல்லாம் போட்டுக் காட்டோரம் வைத்து, இடத்தின் ஜி.பி.எஸ் எண்களை இணையத்தில் எழுதிவிட்டார். இந்த விளையாட்டின் முதல் டப்பா அதுதான். ஒன்றை எடுத்தால் ஒன்றை வை, நோட்டில் பேர் எழுது என்பதுதான் விதி. அந்த வாளி இப்போது இல்லை, அங்கே ஒரு நினைவுத் தகடுதான் இருக்கிறது. ஆனால் அதே மாதம் 11-ஆம் தேதி கன்சாஸில் வைத்த மிங்கோ இன்னும் இருக்கிறது, இன்றும் தேடிக் கையெழுத்துப் போடக்கூடியவற்றில் உலகத்திலேயே பழையது அதுதான். நீ போகும் வாரத்தில்தான் அதன் பிறந்தநாள். சுற்றிலும் வயலும் வானமும்தான், ஆனால் எத்தனையோ நாட்டிலிருந்து ஆட்கள் அந்த ஒரு நோட்டுக்காக அங்கே வண்டியைத் திருப்புகிறார்கள். பார்க்க ஒன்றுமில்லாத ரோடு என்று சொன்னவர்கள் இதைத் தாண்டித்தான் போயிருப்பார்கள்.

கிளம்புவதற்கு முந்தின நாளே வைஃபையில் ஜியோகேஷிங் ஆப்பைத் திறந்து வழி நெடுக உள்ளவற்றை டவுன்லோடு செய்துகொள், குறிப்புகளோடு சேர்த்து. மேற்கே போகப் போக சிக்னல் விட்டு விட்டுத்தான் வரும். தேடுவது எவ்வளவு கடினம், நிலம் எவ்வளவு கரடுமுரடு, இரண்டுக்கும் ஒன்று முதல் ஐந்து வரை மதிப்பெண் இருக்கும் இல்லையா, தனியாகப் போகும்போது இரண்டும் ஒன்றரைக்குள் இருப்பதை மட்டும் எடு. கடைசியாக வந்த பதிவுகளைப் படி. வரிசையாக நாலு பேர் கிடைக்கவில்லை என்று எழுதியிருந்தால் அங்கே நேரத்தை விடாதே. ஹைவே ஓரத்தில் மட்டும் எதற்காகவும் வண்டியை நிறுத்தாதே, எக்ஸிட்டில் இறங்கி, ரெஸ்ட் ஏரியா, பூங்கா, ஊருக்குள் இருக்கும் டப்பாக்களைத் தேடினால் போதும். இருட்டின பிறகு வேண்டவே வேண்டாம்.

கடை பார்க்கிங்கில் விளக்குக் கம்பத்தடியில் போல்ட்டை மூடியிருக்கும் தகரத்தைத் தூக்கினால் ஒரு ஃபிலிம் டப்பா இருக்கும், ரோட்டோரத் தடுப்புக் கம்பிக்குப் பின்னால் காந்தத்தில் ஒட்டின சாவி டப்பா இருக்கும், உனக்கே தெரியும். ஆனால் பார்க்காமல் கையை விடாதே. குளவி கூடு கட்டியிருக்கும், பிளாக் விடோ சிலந்தி இருக்கும், மேற்குக் கன்சாஸில் கல் இடுக்கில் ராட்டில்ஸ்நேக் விஷப்பாம்பு வெயில் காயும். குச்சியால் தட்டு, டார்ச் அடி, கையுறை போட்டுக்கொள். புல்லில் நடந்தால் காரில் ஏறும் முன் காலில் உண்ணி இருக்கிறதா பார். மே மாதம் அங்கே புயல் மாதம். மதியத்துக்கு மேல் மேற்கே கறுத்துக்கொண்டு வந்தால் தேடலை விட்டுவிட்டு ஏதாவது கட்டடத்துக்குள் போய்விடு, அங்கே விழும் ஆலங்கட்டி கண்ணாடியை உடைக்கும். பேனா இரண்டு வைத்துக்கொள். யாராவது போலீஸ்காரர் என்ன செய்கிறாய் என்று கேட்டால் உள்ளதை உள்ளபடி சொல்லி ஆப்பைக் காட்டு.

கல்வேலிக் கம்பங்களைப் பார்க்க மறக்காதே. வில்சன் ஊர்ப் பக்கத்தில் ரோட்டோர வயல்களுக்கு சுண்ணாம்புக்கல்லில் கம்பம் நட்டிருப்பார்கள். மரமே இல்லாத புல்வெளியில் குடியேறினவர்கள் வேலிக்கு எதை வெட்டுவார்கள், தரையில் கிடைத்த கல்லைத்தான் பிளந்து நட்டார்கள். ஹேஸில் ஸ்டெர்ன்பெர்க் மியூசியத்துக்குள் போய் ஒரு மணி நேரம் இரு. பதினாலு அடி மீன் ஒன்று, வயிற்றுக்குள் முழுசாக விழுங்கின ஆறடி மீனோடு கல்லாகிக் கிடக்கிறது. கடலே இல்லாத ஊரில் மீன் எப்படி என்று நீ சின்னதில் கேட்டாய். அந்த இடமே ஒரு காலத்தில் கடலாக இருந்தது, சுமார் எட்டுக் கோடி வருஷத்துக்கு முன்னால். ஓக்லிக்குத் தெற்கே கிட்டத்தட்ட இருபத்தைந்து மைலில் மான்யுமென்ட் ராக்ஸ் என்று புல்வெளி நடுவில் வெள்ளைக் கற்சுவர்கள் நிற்கும், அதே கடலின் அடிச்சேறுதான் அந்தக் கல். 1968-இல் அரசு அதைத் தேசிய இயற்கைச் சின்னமாக அறிவித்தது, ஆனாலும் தனியார் நிலம்தான், நிலத்துக்காரர்கள் பெருந்தன்மையாக எல்லோரையும் விடுகிறார்கள், அதனால் கல்மேல் ஏறக்கூடாது. மழை பெய்திருந்தால் அந்த மண்ரோட்டில் இறங்காதே. எர்த்கேஷ் என்ற வகை இந்த மாதிரி இடங்களுக்குத்தான் பொருத்தம், டப்பா கிடையாது, நிலத்தைப் பார்த்துக் கேள்விக்குப் பதில் எழுத வேண்டும். டென்வர் போன பிறகு ராக்கி மவுன்டன் தேசியப் பூங்காவுக்குப் போவாய் அல்லவா, தேசியப் பூங்காக்களில் டப்பா வைக்கப் பொதுவாக அனுமதி இல்லை, அங்கே இந்த வகைதான் கைகொடுக்கும்.

எண்ணிக்கைக்காக ஓடாதே. நெவாடாவில் 375-ஆம் நெடுஞ்சாலையில் 161 மீட்டருக்கு ஒன்றாக ஃபிலிம் டப்பாக்களை மைல் கணக்கில் வைத்து, கார் கதவைச் சாத்தாமலே கையெழுத்துப் போட்டுக்கொண்டு போவார்கள். அது அவர்கள் சந்தோஷம், நான் குறை சொல்லவில்லை, எனக்கு மனம் ஒட்டாது. ஒரு நாளைக்கு நாலு டப்பா கிடைத்தாலும் அந்த நாலு ஊரும் ஞாபகம் இருக்க வேண்டும்.

நாங்கள் கோயம்புத்தூர் வரும்போது உன்னிடம் விட்டு வந்த நீல டப்பாவில் ஒரு டிராவல் பக் இருக்கும், எண் அடித்த அலுமினியத் தகடு, நாய் கழுத்தில் கட்டுகிற மாதிரி, ஆட்கள் ஒரு டப்பாவிலிருந்து எடுத்து இன்னொன்றில் வைத்து ஊர் ஊராக நகர்த்துவது. அதை எடுத்துப் போ. மிங்கோவில் மட்டும் வைக்காதே, அங்கே எல்லோரும் வருகிறார்கள், எடுத்துப்போய்ப் பதிவு செய்யாதவர்களும் வருகிறார்கள். கோல்பியைத் தாண்டி நல்ல அளவான, ஆள் நடமாட்டம் குறைந்த ஒரு டப்பாவாகப் பார்த்து வை, மூடியை இறுக்கு, இருந்த இடத்தில் இருந்த மாதிரியே மறைத்துவிட்டு வா. அந்தத் தகடு மேற்கே, பசிபிக் கரை வரைக்கும் போக வேண்டும் என்று இணையத்தில் அதற்கான பக்கத்தில் நான் எழுதி வைத்திருக்கிறேன். தகட்டு எண்ணைப் போட்டோ எடுத்து அனுப்பு, பொது இடத்தில் போடாதே.

ஹேஸில் ரூம் எடுத்ததும் போன் பண்ணு. எங்களுக்கு அப்போது விடிந்திருக்கும், அம்மா எப்படியும் எழுந்திருப்பாள். குட்லாண்ட் பக்கம் போகும்போது கடிகாரம் ஒரு மணி நேரம் பின்னால் போகும், அதனால் டென்வர் சேரும் நேரத்தை எந்த ஊர்க் கணக்கில் சொல்கிறாய் என்று சேர்த்துச் சொல், இல்லாவிட்டால் அம்மா ஒரு மணி நேரம் சும்மா பயந்துகொண்டு இருப்பாள்.

அன்புடன்,
அப்பா