நரம்பு வலிக்கு மாத்திரையோடு விளக்கமும் தேவை

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். இருபது ஆண்டுகளாக நீரிழிவு நோயுடனும், அவற்றில் கடைசி ஏழு ஆண்டுகள் இரு பாதங்களிலும் ஓயாத நரம்பு வலியுடனும் வாழ்ந்து வருபவன் என்ற முறையில் இக்கடிதத்தை எழுதுகிறேன்.

பகலில் வேலையில் கவனம் இருக்கும்வரை ஓரளவு அடங்கியிருக்கும் எரிச்சல், இரவு படுத்ததும் மூண்டுவிடுகிறது. போர்வையின் ஓரம் கால்விரலில் உரசினாலே தணல் பட்டாற்போல் துடித்து எழுந்துவிடுவேன் என்பதால், முழங்காலுக்குக் கீழே போர்த்திக்கொள்வதையே விட்டுவிட்டேன். அதே பாதத்தில் ஒருநாள் செருப்பைத் துளைத்து ஏறிய சிறு ஆணி குத்திக்கொண்டே இருந்தும் எனக்குத் தெரியவில்லை. மாலையில் ரத்தக் கறையைப் பார்த்த பிறகே அறிந்தேன். மெல்லிய துணி பட்டால் எரிகிற கால், ஆணி குத்தினால் உணராது என்று சொன்னால் வீட்டாருக்கே நம்பக் கடினமாக இருக்கிறது. பழுதடைந்த நரம்பு உண்மைச் செய்தியைக் கொண்டுசெல்லத் தவறுவதும், காரணமின்றித் தானாகவே வலிச் செய்தியை அனுப்புவதும் ஒரே நோயின் இரு முகங்கள் என்பதை எனக்கு யாரேனும் தொடக்கத்திலேயே சொல்லியிருக்கலாம்.

நரம்பு வழியே மின்துடிப்பு எப்படிச் செல்கிறது என்று பார்க்கும் நரம்புக் கடத்தல் சோதனையை வலி தொடங்கிய ஆண்டில் எடுத்தேன். அதில் குறை எதுவும் தெரியவில்லை. "எல்லாம் சரியாக இருக்கிறது, மனத்தைத் திடமாக வைத்துக்கொள்ளுங்கள்" என்று அனுப்பிவிட்டார்கள். அச்சோதனை பருத்த நரம்பிழைகளையே அளக்கிறது என்பதும், எரிச்சலையும் சூட்டையும் உணர்த்தும் நுண்ணிழைகளின் பாதிப்பு அதில் புலப்படாமல் போகலாம் என்பதும் பின்னாளில்தான் தெரிந்தது. வலி ஆய்வுக்கான பன்னாட்டுச் சங்கம் 2020இல் திருத்தி வெளியிட்ட வலி பற்றிய வரையறையின் குறிப்புகளில், தமக்கு வலிக்கிறது என்று ஒருவர் கூறினால் அதை மதிக்க வேண்டும் என்றே சொல்லப்பட்டிருக்கிறது.

இதைவிடப் பெரிய இழப்பு மருந்தால் நேர்ந்தது. எனக்கு எழுதித் தரப்பட்ட அமிட்ரிப்டிலின் மனச்சோர்வுக்கான மருந்து என்று உறைக்குள் இருந்த தாளில் படித்ததும், என் வலியைப் பொய்யென்று கருதிவிட்டார்கள் என வருந்தி, பத்தே நாளில் நிறுத்திவிட்டேன். மனச்சோர்வுக்கான அமிட்ரிப்டிலின், டுலாக்செட்டின் ஆகியவையும், வலிப்பு நோய்க்கும் பயன்படும் கபாபென்டின், பிரீகாபலின் ஆகியவையும் நரம்பு வலிக்கு முதலில் தரப்படும் மருந்துகள் என்பதையோ, பாராசிட்டமால் போன்ற வழக்கமான வலி மாத்திரைகள் இதற்குப் பெரிதும் உதவுவதில்லை என்பதையோ எவரும் எனக்குச் சொல்லவில்லை. குறைந்த அளவில் தொடங்கி மெல்ல மெல்லக் கூட்டுவார்கள். பலன் தெரியச் சில வாரங்கள் ஆகும். வலி பாதியாகக் குறைந்தாலே நல்ல பலன். திடீரென நிறுத்தக் கூடாது. இவ்வளவையும் சொல்ல இரண்டு நிமிடம் போதும். அது கிடைக்காததால் இரண்டு ஆண்டுகள் உறக்கமின்றிக் கழித்தேன். நீரிழிவுக்கான மெட்ஃபார்மின் மாத்திரையை நெடுநாள் உட்கொள்வோருக்கு பி12 வைட்டமின் குறைந்து, அதனாலும் நரம்பு பாதிக்கப்படலாம் என்பதால் அதற்கான ரத்தப் பரிசோதனையையும் நான் கேட்டுத்தான் பெற வேண்டியிருந்தது.

மருத்துவர்கள் இம்மருந்துகளை எழுதும்போது "இது நரம்பு வலிக்காக" என்று சீட்டிலேயே ஒரு வரி சேர்த்து எழுதவேண்டும் எனத் தங்கள் நாளிதழ் வாயிலாகக் கேட்டுக்கொள்கிறேன். தங்கள் மருத்துவப் பக்கத்திலும் இம்மருந்துகளைப் பற்றி ஒரு நரம்பியல் மருத்துவரைக் கொண்டு விரிவாக எழுதச் செய்தால், மாத்திரையைப் பாதியில் நிறுத்திவிட்டு இரவெல்லாம் விழித்திருப்போர் அதை வீட்டாருக்கும் படித்துக் காட்ட முடியும்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகர்